அரங்கத்து வாசலில் எண்ணிய முகங்கள்

அன்பு மகளுக்கு,

நேற்று நகரசபைக் கூட்டத்தில் இருந்தவர்கள்: தலைவர், உறுப்பினர்கள் ஒன்பது பேர், உன் நாடக வாத்தியார், நான், கடைசி வரிசையில் உன் அப்பா.

நம் வீட்டுக்கு எதிரே இருக்கும் கலையரங்கத்துக்கு இனி மானியம் கிடையாது என்றார்கள். "அங்க யாருங்க வர்றா? ஈ ஓட்டுறாங்க" என்று ஓர் உறுப்பினர் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கடவுளை வேண்டிக்கொண்டு எழுந்து என் நோட்டை நீட்டினேன். நானாகக் கற்றுக்கொண்ட கோணல் எழுத்துதான். நீ போன பிறகு இந்த மூன்று வருஷமும் ஒவ்வொரு நாடகம் விட்டதும் ஜன்னலில் நின்று, வெளியே வருகிறவர்களை முகம் முகமாகப் பார்த்து, எண்ணி எழுதியது. போன சனிக்கிழமை மட்டும் இருநூற்றுப் பதினொரு பேர்.

"எதுக்கும்மா எண்ணுனீங்க?" என்றார் தலைவர்.

"பொழுது போகலைங்க" என்றேன்.

"அவ எழுதினா தப்பாதுங்க" என்று பின்னாலிருந்து அப்பா குரல் கொடுத்தார். 'நடிக்கப் போனா இந்த வாசப்படி மிதிக்காதே' என்று உன்னிடம் சொன்ன அதே குரல்.

மானியத்தை ஒரு வருஷத்துக்கு நீட்டித்துவிட்டார்கள். வீடு திரும்பும் வழியில் அப்பா நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். வாசலில் நின்று, "இனிமே எண்ண வேண்டாம். வரச் சொல்லி எழுது" என்றார்.

அடுத்த நாடகத்தில் வாத்தியார் உனக்கு ஒரு வேஷம் வைத்திருக்கிறார். சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா