சூடம் என்று நினைத்த புகை

மயினி,

இன்றைக்குக் காலையில் என் மகளுடைய சீப்பு அடுப்பில் விழுந்துவிட்டது. கடையில் ஆசைப்பட்டு வாங்கிய ரோஜா நிறச் சீப்பு. அடுப்படியில் உட்கார்ந்து தலை வாராதே என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, குப்பென்று பற்றிச் சுருண்டு போயிற்று. முதலில் சூடம் கொளுத்தியது போல ஒரு மணம். அதன் பின்னாலேயே தொண்டையைப் பிடிக்கிற காட்டம். "நல்ல மணம் அம்மா" என்று மகள் குனிந்தாள். நான் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்துவிட்டேன். மகளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி பாம்பைக் கண்டாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அண்ணனுக்குப் பெண்டாட்டியாக வந்த நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. உங்களுக்கு யாரும் சரியாக அழக்கூட இல்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சாலைக் கடைத்தெருவில் மல்லி மிளகாய் வியாபாரம் செய்த அப்பாவுக்குச் சினிமா என்றாலே வேப்பங்காய். அப்படிப்பட்டவர் மருமகளையும் மகளையும் சனிக்கிழமை மத்தியானப் படத்துக்கு விட்டாரே, அது எதனால் என்று நினைவிருக்கிறதா? பழவங்காடிக்கு அந்தண்டை இருந்த அந்தக் கொட்டகையில் பெண்களுக்குத் தனி வாசல். படம் தொடங்கியதும் காவல்காரன் அதை வெளியே பூட்டிவிடுவான், முடிந்த பிறகுதான் திறப்பான். ஆண்கள் பக்கத்துக்கும் நமக்கும் நடுவே ஆள் கழுத்தளவுக்குப் பலகைத் தடுப்பு. "பூட்டு உண்டும்லா, பின்னே என்ன? போயிட்டு வரட்டு" என்பார் அப்பா. அந்தப் பூட்டுதான் நம் வீட்டு மானத்துக்குக் காவல்.

எல்லாம் முகமூடிக்காரன் படங்கள். குதிரையில் வருவான், ஒற்றை ஆளாகப் பத்துப் பேரை அடிப்பான். அவன் முதன்முதலில் திரையில் தோன்றும்போது ஆண்கள் பக்கத்தில் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டுவார்கள், சாமிக்குக் காட்டுவது போல. அந்தப் புகை நம் பக்கம் வரும்போது சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் உண்டு. நீங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பீர்கள். ஓடம் தள்ளுகிறவன் ராஜாவின் ஆளிடம் முடியாது என்று சொல்கிற இடம் வரும், சத்திரத்துக்காரி சிப்பாய்களுக்கு எதிரே கதவைச் சாத்துகிற இடம் வரும், அப்போதுதான் கைதட்டுவீர்கள். நீங்கள் ஒருத்திதான் தட்டுவீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

"முகமூடி போட்டவனுக்கு என்ன பயம் பிள்ளே? கதை எழுதினவன் அவன் பக்கம்லா இருக்கான். அந்தச் சத்திரத்துக்காரிக்கு ஆரு இருக்கா, சொல்லு" என்பீர்கள். அவளுக்கு அடுத்த காட்சியில் என்ன ஆயிற்று என்று எந்தப் படத்திலும் சொன்னதில்லை. வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அவளைப் பற்றியே பேசுவீர்கள். நான் முகமூடிக்காரனின் குதிரையைப் பற்றிப் பேசுவேன்.

அந்தச் சனிக்கிழமை சூட மணம் வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் வழக்கம் போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் கும்பிட்டேன் மயினி, சொன்னால் சிரிப்பீர்கள். நீங்கள்தான் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "இப்பம் அவன் வரல்லியே, பின்னே ஆருக்குச் சூடம்?" என்றீர்கள். அதற்குள் படம் நின்று திரை வெளுத்தது. பிலிம் அறுந்துபோயிற்று என்று ஆண்கள் விசிலடித்தார்கள். மேலே படம் ஓட்டுகிற அறையின் ஓட்டையிலிருந்து மஞ்சளாகப் புகை கொட்டியது. எரிந்துகொண்டிருந்தது பிலிம் சுருள். அதுவும் என் மகளுடைய சீப்பும் ஒரே சரக்கு, சூடம் கலந்து செய்வதாம்.

ஆண்கள் தங்கள் பக்கத்துப் பெரிய கதவுகள் வழியே ஓடினார்கள். பெண்கள் எல்லோரும் நம் கதவை நோக்கி ஓடினோம். அது பூட்டியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் அங்கேதான் ஓடினோம். சாவி வைத்திருந்தவன் எங்கே சாயா குடித்துக்கொண்டிருந்தானோ. தடுப்பைத் தாண்டினால் தெரு. அதை யாரும் நினைக்கவில்லை. நினைத்தவர்களும் அசையவில்லை.

நீங்கள் பெஞ்சைத் தடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டீர்கள். முதலில் என்னைத் தூக்கி அந்தப் பக்கம் தள்ளினீர்கள். அப்புறம் குழந்தைகள். பிறகு ஒவ்வொரு பெண்ணாகப் பிடித்து இழுத்தீர்கள். "அய்யோ, ஆம்பிளைய பக்கமா? நான் மாட்டேன்" என்று ஒரு பெரிய வீட்டு அம்மாள் அழுதது இப்போதும் காதில் கேட்கிறது. "மானத்தை வெளிய போயிப் பாத்துக்கிடலாம். இப்பம் ஏறுட்டீ!" என்று அவளை நீங்கள் ஏசியதும் கேட்கிறது. உங்கள் மாமியார் வயது இருக்கும் அவளுக்கு. ஏறினாள்.

எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். பூட்டிய கதவடியில் கைக்குழந்தையோடு ஒருத்தி மயங்கிக் கிடந்ததைக் கண்டு நீங்கள் திரும்பிப் போனீர்கள். வெளியே வந்தபோது உங்கள் சேலையில் பாதி இல்லை. அதைக் கிழித்துத்தான் குழந்தையின் முகத்தை மூடியிருந்தீர்கள். அந்தப் பெண்ணை யார் யாரோ வாங்கிக்கொண்டார்கள். நீங்கள் நடு ரோட்டில், ஜட்கா வண்டிகளுக்கு நடுவே, தலை அவிழ்ந்து, மாராப்பு இல்லாமல் நின்றீர்கள்.

சோடாக்கடையில் உட்கார வைத்தேன். இருமி இருமி, நடுவே சிரித்தீர்கள். "பயத்துல வயித்தைக் கலக்கிட்டு பிள்ளே. சினிமாவுல இதை ஒண்ணும் காட்டமாட்டானுவ" என்றீர்கள். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லையே என்று எனக்குச் சந்தோஷம். அந்தப் புகை உள்ளே போய் உட்கார்ந்திருந்தது யாருக்குத் தெரியும்?

வீட்டில் அப்பா, ஏதாவது பட்டதா என்று கேட்கவில்லை. "ஆரெல்லாம் பாத்தாவ?" என்று கேட்டார். மறுநாள் மத்தியானம் உங்களுக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் வந்து நெஞ்சில் நீர் கட்டிவிட்டது என்றார். விளக்கு வைக்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது. என் கையைத்தான் பிடித்திருந்தீர்கள்.

வந்தவர்களிடம் காய்ச்சல் என்று சொன்னார்கள். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். இந்த வீட்டுப் பெண்கள் ஆண்கள் பக்கம் குதித்தார்கள், மருமகள் சந்தியில் அரைச்சேலையோடு நின்றாள் என்று தெரிந்தால் எவன் வருவான்? அதனால் காய்ச்சல். என் கல்யாணத்துக்காக உங்களை இரண்டாம் தடவை கொன்றார்கள்.

பதினாறாம் நாள், கதவடியில் மயங்கிக் கிடந்த அந்தப் பெண் தன் குழந்தையோடு வந்தாள். எப்படி விசாரித்துக் கண்டுபிடித்தாளோ. "இவிடத்தெ சேச்சியல்லே எங்களெ ரட்சிச்சது? ஒந்நு தொழுதிட்டு போகாம்" என்று மலையாளத்தில் கேட்டு வாசலில் நின்றாள், தன்னைக் காப்பாற்றிய அக்காவை ஒரு தடவை கும்பிட்டுவிட்டுப் போக. உள்ளே இருந்து எனக்குக் கேட்டது. "வீடு மாறி வந்திட்டிய. இங்க செத்தது காய்ச்சல்ல" என்றார் அப்பா. நான் எழுந்தேன், அண்ணன் அறைக்கதவைச் சாத்தி அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டான். உங்கள் புருஷன்தான், மயினி. அவன் அழுதுகொண்டுதான் நின்றான். ஆனாலும் நகரவில்லை. குழந்தை சிணுங்குகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்டது, அப்புறம் இல்லை.

கொட்டகைக்கு வெள்ளையடித்தார்கள். புது மெஷின் வந்தது. அதே படத்தையே போட்டார்கள். முகமூடிக்காரன் வந்தபோது வழக்கத்தைவிட அதிகமாகத் தேங்காய் உடைத்தார்களாம்.

கல்யாணம் ஆன பிறகு நான் வாயை மூடவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "படம் பாத்துப் பாத்து உனக்கு மண்டை கெட்டுப் போச்சு" என்றார். அண்ணனுக்கு இரண்டாவதாக வந்தவளிடம் சொன்னேன், நல்ல பெண்தான், என்னையும் மயினி என்றுதான் கூப்பிடுவாள், "போங்க மயினி, சினிமாக் கதையாட்டுல்லா இருக்கு" என்றாள். முகமூடிக்காரன் பத்துப் பேரை அடித்தால் நம்புகிறவர்கள்தான் எல்லோரும்.

இன்றைக்குத் தெருவில் நின்றபடி என் மகளிடம் முழுவதும் சொன்னேன். ஆறு வயது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். இவளாவது நம்பினாளே என்று அவள் தலையைக் கோதிவிட்டேன். முடித்ததும் கேட்டாள்: "அப்போ அந்த அத்தை முகமூடி போட்டிருந்தாளாம்மா?"

இல்லை மக்களே என்று அவளிடம் சொன்னேன். அவளுக்குச் சப்பென்று போய்விட்டது, விளையாடப் போய்விட்டாள். நீங்கள் பயந்துகொண்டே செய்தீர்கள் என்பதைச் சொல்லக் கூப்பிட்டேன், அவள் திரும்பி வரவில்லை. அதை என்னிடமே வைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அதை வாங்கிக்கொள்ள இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை மயினி.