பச்சையாகவே இருந்த திரை

மார்ச் 4, செவ்வாய்
துறைமுகத்துக்குள் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு கேட் பாஸ் தரும் மென்பொருள் எங்களுடையது. சர்வீஸ் என்று நாங்கள் சொல்லும் பதினொரு சின்னச் சின்ன நிரல்கள் சேர்ந்து அதை ஓட்டுகின்றன. அவை நலமா என்று பார்ப்பது என் வேலை. திரையில் நூற்று நாற்பது வரைபடங்கள், நாளுக்கு முந்நூறு எச்சரிக்கைகள். யாரும் எதையும் பார்ப்பதில்லை. நான்கை மட்டும் வைத்துக்கொள் என்று மேலாளர் எபினேசர் சொல்லிவிட்டார். எந்த நான்கு?

மார்ச் 7, வெள்ளி
முடிவு செய்துவிட்டேன். எத்தனை கோரிக்கை வருகிறது, எத்தனை தோற்கிறது, பதில் வர எவ்வளவு நேரம், சர்வர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது. அனுப்பாமல் தேங்கும் பாஸ்களின் கணக்கைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். மூன்று மாதமாகப் பூஜ்யத்தை விட்டு அசையாத கோடு.

மார்ச் 20, வியாழன்
எதிர்வீட்டு பரசுராமன் மாமா டிரெய்லர் ஓட்டுபவர். எண்ணூர் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையில் காலையிலிருந்து நின்றிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு அவர் மனைவி கெங்கம்மா அத்தை எனக்குப் போன் செய்தார்.

"செங்கொடி, மாமாவுக்கு இன்னும் பாஸ் வர்ல. உன் ஆபீஸ்ல இன்னான்னு பாரேன்."

திரையைப் பார்த்தேன். நான்கும் பச்சை.

"எல்லாம் சரியாத்தான் கீது அத்தே."

மூன்று மணிக்கு மாமா ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். ஆம்புலன்ஸ் அதே லாரி வரிசையில் நாற்பது நிமிடம் சிக்கிக்கொண்டது.

மார்ச் 21, வெள்ளி
கண்டுபிடித்தோம். பாஸைப் போனுக்கு அனுப்பும் சர்வீஸ், கேட்டதும் 'சரி' என்று பதில் சொல்லிவிட்டு, எதையும் அனுப்பாமல் அடுக்கிவைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வி இல்லை, தாமதம் இல்லை. நான் எடுத்த கோட்டில் மட்டும்தான் அது தெரிந்திருக்கும்.

எதுக்குடி அத எடுத்தே, செங்கொடி? அசையலன்னா? அசையாத வரைக்கும்தானே நல்லது — அது கூடவா புரியல உனக்கு?

நெட்வொர்க் கோளாறு என்று அறிக்கை எழுதச் சொல்கிறார் எபினேசர்.

மார்ச் 22
சாப்பிட முடியவில்லை.

மார்ச் 24, திங்கள்
நடந்ததை நடந்தபடியே எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் அத்தையிடமும் சொன்னேன். மாமாவின் வலது கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "நான் கேட்டன்ல? நீ ரோட்ட வந்து பாக்கல," என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 27, வியாழன்
விடுப்பு போட்டுவிட்டு லாரி வரிசையில் நடந்தேன். சர்வர் பற்றி டிரைவர்கள் யாருக்கும் கவலையில்லை. பாஸ் கேட்டதிலிருந்து கைக்கு வரும்வரை எத்தனை நிமிடம் — அவர்களுக்கு அது ஒன்றுதான். அதைத் திரையின் உச்சியில் வைக்கப்போகிறேன். அதற்குக் கீழே, அதிக நேரமாகக் காத்திருப்பவர் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார் என்பது. எபினேசர் மறுக்கவில்லை, என்னை வேலையை விட்டு அனுப்பவுமில்லை.

ஏப்ரல் 17, வியாழன்
காலை பதினொன்றுக்கு, திரையின் உச்சியில் வைத்த அந்த எண் ஆறு நிமிடத்தைத் தாண்டியது. மற்றதெல்லாம் பச்சை. ஒன்பது நிமிடத்தில் சரிசெய்தோம். ரோட்டில் ஒரு லாரியும் நிற்கவில்லை. மாமாவுக்குக் கை இன்னும் எழவில்லை. இனி லாரி ஓட்ட முடியாது என்கிறார்கள்.

மாலையில் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது எனக்குத் தெரியவில்லை. கதவை யாரோ இரண்டு முறை தட்டினார்கள். திறந்தேன். கெங்கம்மா அத்தை குடத்தோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். தண்ணீர் வரிசையில் தனக்குப் பின்னால், ஒரு குடம் வைக்கும் அளவுக்கு எனக்கு இடம் விட்டிருந்தார்.