எண்பத்து நான்கு சுற்று

ஜூலை 3, புதன்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. ஆனாலும் இன்று பஸ்ராவில் என்னைவிடச் சந்தோஷமானவன் கிடையாது. நிப்ராஸ் சம்மதம் சொல்லிவிட்டாள்! கணக்கு டீச்சர், ஒரே வரியில் பதில் அனுப்பினாள்: "எனக்குச் சரி. இனி அப்பா." அவள் அப்பா ஹாஜி ஷன்யார், ஐஸ் ஃபாக்டரிக்காரர். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு ஆண்கள் போய்ப் பெண் கேட்கிறார்கள்.

எங்கள் மோட்டார் பட்டறையில் ரிப்பேருக்கு மூன்று பம்பு, ஒரு ஃபேன். எல்லாவற்றிலும் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கருகியிருந்தது. பாடிக்கொண்டே பிரித்தேன். கூட்டாளி ஜப்பார் காதைப் பொத்திக்கொண்டான்.

ஜூலை 4, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

பம்பு மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். எண்பத்து நான்கு சுற்று. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடாகும். அதனால் எண்ணும்போது யார் வந்தாலும் வாய் திறக்காமல் விரலை மட்டும் தூக்குவோம். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அறுபத்தெட்டில் வாசலில் ஒரு ஸலாம். திரும்பாமல் விரலைத் தூக்கினேன். இன்னொரு ஸலாம், கொஞ்சம் கனமாக. மறுபடி விரல். "உஷ்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். கடைசிச் சுற்று முடித்துத் திரும்பினால், ஹாஜி ஷன்யார்! மாப்பிள்ளையைப் பார்க்கத் தானாகவே வந்திருக்கிறார். பதறிப்போய் நான் சொன்னது ஸலாம் இல்லை. "எண்பத்து நாலு!" என்று கத்தினேன்.

அவர் போயே விட்டார்.

ஜூலை 5, வெள்ளி

பெண் கேட்கப் போகுமுன்பே ஹாஜியாரிடமிருந்து ஆள் வந்தது. "ஸலாமுக்கு விரலைக் காட்டுறவனுக்கு எம்பொண்ணு கிடையாது."

அம்மா உலுக்கி எடுத்துவிட்டாள். "ஸலாமுக்குப் பதில் சொல்லாம அப்படி என்னடா எண்ணிக் கிழிச்சே? போ, அந்தச் செம்புக் கம்பியவே கட்டிக்கோ!"

நிப்ராஸ் மட்டும் அனுப்பினாள்: "எண்பத்து நாலு, தைரியமா இரு." எனக்குப் பேரே வைத்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

ஜூலை 9

ஜப்பார் தூது போனான். அவனுக்குத் தேநீர்கூடத் தரவில்லையாம்.

ஜூலை 14

ஐஸ் ஃபாக்டரியின் பெரிய மோட்டார் எரிந்துவிட்டது. நம்மிடம் வருமா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போயிற்று. வயிறு எரிந்தது. மோட்டாருக்காகவா, எனக்காகவா?

ஜூலை 19, வெள்ளி

அந்த மோட்டார் புதுக் காயில் கட்டி வந்து ஒரே நாள் ஓடி, மறுபடி எரிந்ததாம். மீன் சந்தையில் ஐஸ் இல்லாமல் ஒரே கூச்சல்.

ஜூலை 20, சனி

வந்துவிட்டது! பிக்கப்பில் மோட்டார், முன் சீட்டில் ஹாஜியார். நான் மூன்று தடவை ஸலாம் சொன்னேன், தெருக்கோடிக்கே கேட்டிருக்கும். முணுமுணுத்தார்.

மூடியைக் கழற்றினேன். மூன்று ஃபேஸுக்கான மூன்று தொகுதிக் காயில்களில் இரண்டு கரி. மூன்றாவது புத்தம் புதிது. எனக்குப் புரிந்துவிட்டது.

"ஹாஜியார், இது மோட்டார் மேல தப்பில்ல, காயில் கட்டினவர் மேலயும் தப்பில்ல. மோட்டாருக்கு வர்ற மூணு கம்பியில ஒண்ணுல கரண்டு வரல. மத்த ரெண்டும் முழுப் பாரத்தையும் சுமந்து கருகிருக்கு. உங்க ஃபாக்டரிய நான் பாக்கணும்."

போய்ப் பார்த்தோம். ஸ்விட்சில் ஒரு முனை தேய்ந்து தீய்ந்து கிடந்தது. சரி, அப்படி நடந்தால் மோட்டாரை நிறுத்த ரிலே இருக்கிறதே? அதன் குறுக்கே யாரோ ஒரு துண்டுக் கம்பியைக் கட்டி வேலை செய்யாமல் ஆக்கியிருந்தார்கள்.

"யார் கட்டினது?"

ஃபாக்டரி ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள். கடைசியில் ஹாஜியார், "நாந்தான். சும்மா சும்மா நிறுத்திக்கிட்டே இருந்துச்சு. சீசன்ல ஐஸ் நின்னா எப்படி?" என்றார்.

என் நாக்கு சும்மா இருக்குமா? "அது உங்களுக்கு ஸலாம் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, ஹாஜியார். நீங்கதான் பதில் சொல்லல."

ஜப்பார் என் காலை மிதித்தான். ஹாஜியார் என்னை உற்றுப் பார்த்தார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்பா? தெரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

இதை எழுதும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

முப்பத்தாறு காயில், ஒவ்வொன்றும் இருபத்திரண்டு சுற்று. ஹாஜியாருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, பட்டறைக்கே வந்துவிட்டார். "குடு, நான் சுத்துறேன். எண்ணத் தெரியாதா எனக்கு?" என்று காயில் சுற்றும் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டார். நான் மோட்டாரின் பள்ளங்களுக்குள் காகிதம் வைத்தேன், அதன்மேல் ஜப்பார் காயிலை இறக்கினான்.

மதியம் வாசலில் ஒரு ஸலாம். ஸையித் நூரி! பள்ளிவாசலில் எல்லோரும் எழுந்து நின்று மரியாதை செய்யும் பெரியவர். ஹாஜியார் பதினேழில் இருந்தார்.

விரலைத் தூக்கினார்.

ஸையித் வாசலிலேயே நின்றார். பதினெட்டு, பத்தொன்பது… கைப்பிடி நின்றதும் ஹாஜியார் திரும்பி, "இருபத்திரண்டு!" என்று கத்தினார்.

"ஷன்யாருக்கு வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?" என்றார் ஸையித்.

ஹாஜியார் பாய்ந்தோடி மரியாதையாக அவர் தோளில் முத்தமிட்டார். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஜப்பார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டான்.

ஜூலை 25, வியாழன்

வார்னிஷ் காய்ந்தது, புது ஸ்விட்ச் மாட்டினோம், ரிலேயின் கம்பியை ஹாஜியாரே பிடுங்கி எறிந்தார். ஓடுகிறது! மூன்று கம்பியிலும் ஒரே அளவு கரண்டு. மோட்டார்மேல் கை வைத்தால் கதகதப்பு, அவ்வளவுதான்.

சாயங்காலம் அவரே தோளில் சாக்குச் சுற்றிய ஐஸ் கட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். ஸலாம் சொல்லிவிட்டு அம்மாவிடம், "துக்க மாசம் முஹர்ரம் பிறக்குறதுக்குள்ள கல்யாணத்த முடிச்சிடுவோம், என்ன சொல்றீங்க?" என்றார். அம்மா குலவையிட்டதில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள்.

ஆகஸ்ட் 20

இன்று நிக்காஹ். ஜப்பார் வாசலில் நின்று கத்திக் கூப்பிடுகிறான். எழுத முடியவில்லை.

செப்டம்பர் 10

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து ஸலாம் சொன்னேன். நிப்ராஸ் தரையில் உட்கார்ந்து மறுதேர்வுத் தாள்களில் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. விரலை மட்டும் தூக்கினாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். எண்ணி முடிக்கட்டும்.