வாக்குச்சாவடியில் பயத்தம் பணியாரம்

பாபகூரா,
ஆக்லாந்து.
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகன் சஞ்சீவனுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம், என் வலது மணிக்கட்டு மட்டும் நலமில்லை. மழையில் நனைந்த பின்படியில் சறுக்கி விழுந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள், பயப்படாதே, நோவு குறைந்துவிட்டது. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி கிருசாந்தி எழுதுகிறாள். என் பேச்சைத் தானே திருத்தி நல்ல தமிழாக்கி எழுதுகிறாள், ஆகவே இதில் அழகாக ஏதும் இருந்தால் அது அவளுடையது, ஏச்சு இருந்தால் என்னுடையது. ரானுயியிலிருந்து நேற்று கிளாரா வந்தாள், உன்னோடு வேலை செய்கிற அந்த மலேசியப் பிள்ளை. நீ நிற்கிற தெலோரா நாட்டுக்கு, அதன் வெளித்தீவுகளில் இனி நடக்கிற வாக்கெடுப்பைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிற இரண்டாவது தேர்தல் கண்காணிப்புக் குழுவில் தானும் வருவதாகச் சொன்னாள். உனக்குக் கொடுத்துவிட ஒரு டின் முறுக்கை எடுத்தேன், ஆன்ட்டி, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், கடிதாசி மட்டும் கொடுங்க, பலகாரம் வேணாம் என்று இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவோ காலமாகிவிட்டது போல இருந்தது எனக்கு.

நான் திரும்பி வாறன் அம்மா, வெளித்தீவுகளுக்குப் போகேல்லை, இனி இந்த வேலைக்கும் போகமாட்டன் என்று மட்டும் நீ அனுப்பியிருந்தாய். பிறகு எத்தனை தரம் எடுத்தாலும் போனில் நீ இல்லை. என்ன நடந்தது என்று கிளாரா சொல்லித்தான் முழுதாக விளங்கியது. நீ கண்காணிக்கப் போன கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் விடியக்காலையில் இருந்து வாக்கெடுப்பு, அது முடிந்து எல்லாக் கட்சி ஆட்களும் பார்த்திருக்க எண்ணி, முடிவைக் கதவில் ஒட்டியும் ஆயிற்றாம். அங்கே நின்ற தேர்தல் அதிகாரிகள் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லையாம். உனக்கும் பசி. பையில் நான் வைத்துவிட்ட பயத்தம் பணியார டின்னைத் திறந்தாய், திறந்தவன் தனியே சாப்பிடாமல் சுற்றியிருந்த எல்லோருக்கும் நீட்டினாய். கண்காணிக்கப் போனவர்கள் ஒருவரிடம் ஒன்றும் வாங்கவும் கூடாது ஒருவருக்கு ஒன்றும் கொடுக்கவும் கூடாது என்பது சட்டமாம். நாலு பேருக்கு நடுவில் டின்னைத் திறந்தால் முதலில் மற்றவனுக்கு நீட்டு என்று நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து உனக்குச் சொல்லி வளர்த்தவள் நான், எந்தச் சட்டத்தை முதலில் படித்தாயோ அதுதானே கைக்கு முதலில் வரும். தலைநகரத்திலிருந்து வந்திருந்த ஒரு கட்சிக்காரன் அதைப் படம் எடுத்து, வெளிநாட்டுக்காரன் அதிகாரிகளுக்குத் தீனி கொடுத்து முடிவை மாற்றினான் என்று ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான். அந்த ஊர் வாக்குகளையே தள்ளிவிட வேண்டும் என்று மனுவும் கொடுத்துவிட்டார்கள், உன்னை ஹோட்டலில் இரு என்று குழுத்தலைவர் சொல்லிவிட்டார். வெயிலில் வரிசையில் நின்ற அந்தச் சனத்தின் வாக்கு என்னால் போகப்போகிறதே என்று நீ அழுதாயாம்.

அந்த நாட்களில் இங்கே வீடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் வருவான், எழுதுவான், போவான், அதால என்ன மாறப்போகுது என்று நீ புறப்பட்ட அன்று சொன்ன அதே அப்பாதான், வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னம் டீவியைப் போட்டார். கிருசாந்தியைவிட இரண்டே வயது மூத்த நாடு, அதற்கு இப்போதுதான் நல்ல நாள் வருகுது என்று சொல்லிக்கொண்டு, எந்தெந்த நாடு இந்தத் தேர்தலை ஏற்றுக்கொள்கிறது என்று கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாடு வாழ்த்துச் சொன்னால் இன்னொரு விக்கெட் விழுந்திட்டுது என்று நான் சமைக்கிற குசினிக்குள் வந்து சொல்லுவார். பிறகு உன் படம் வந்தது. முறைப்பாடு விசாரிக்கப்படும் வரை பொறுத்திருப்போம் என்று இரண்டு மூன்று நாடுகள் அறிக்கை விட்டன, அதன் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. என் பிள்ளையின் ஒரு டின் பணியாரம் ஒரு நாட்டையே வாசலில் நிறுத்திவைத்திருக்குது என்று அப்பா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, சோறும் இறங்காமல் சொன்னார்.

இனி நான் சொல்லப்போவதை எழுதமாட்டேன் என்று உன் தங்கச்சி பேனையை மேசையில் வைத்துவிட்டாள். எழுது பிள்ளை, கை முறிந்தவள் கேட்கிறேன் என்று சொல்லித்தான் திரும்ப எடுத்திருக்கிறாள். வகுப்பில் எழும்பி வாசி என்றால் குரல் வராது என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே இடையில் விட்டவள் இவள் என்று உனக்குத் தெரியும். ஈஸ்ட் டாமாக்கியில் பொதி கட்டுகிற வேலைக்குப் போய் வருடம் ஒன்றாகியும், பக்கத்தில் நிற்கிற மனிசிக்கு மோர்னிங் சொல்வதற்கு மேல் ஒரு சொல் கதைத்ததில்லை. அந்த மனிசி மரீனா, தெலோராக்காரி. உன் படத்தைப் போனில் பார்த்துவிட்டு ஸ்மோகோ என்கிற தேத்தண்ணி இடைவேளையில் அங்கே வேலை செய்கிற தெலோராக்காரர் எல்லோரும் கூடிக் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், யார் இந்தப் பொடியன், ஏன் இப்படிச் செய்தான் என்று ஒருத்தி திட்டியும் இருக்கிறாள். இவள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய், அது என் அண்ணா, அது எங்கள் அம்மா செய்தது என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவு பேருக்கு முன்னால்.

நல்ல காலம் பார், மரீனாவின் தமையன் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார், அன்று அங்கே இருந்தவர். மரீனா உடனே அவரைப் போனில் எடுத்திருக்கிறாள். முடிவு கதவில் ஒட்டினதுக்குப் பிறகுதான் டின் திறபட்டது, தோற்ற கட்சியின் ஆளும் இரண்டு சாப்பிட்டான், மூன்றாவதும் கேட்டான் என்று அவர் சொல்லிச் சிரித்தாராம். அவரும் ஊர்ப் பாதிரியாரும் இரண்டு கட்சியின் உள்ளூர் ஆட்களையும் கூட்டிக்கொண்டு தலைநகரத்துக்குப் போய், நடந்ததை நடந்தபடி உங்கள் குழுத்தலைவருக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் சொன்னதாகக் கிளாரா சொன்னாள். மூன்றாவது பணியாரம் கேட்டவனும் போனானாம் மகன், தன் கட்சி தோற்றும் போனானாம். அவன் பெயர் தெரியாது, ஆனாலும் நேற்று விளக்கேற்றும்போது அவனுக்கும் சேர்த்துக் கும்பிட்டேன். யாரோ தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள் என்று நீ நினைத்திருப்பாய். உன் தங்கச்சி வாய் திறந்ததால்தான் அவர்கள் புறப்பட்டார்கள், இது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

புதன்கிழமை உங்கள் குழுவின் முதல் அறிக்கை வந்தது, மக்கள் தங்கள் விருப்பத்தைப் பயமில்லாமல் சொல்லியிருக்கிறார்கள் என்று. அந்த ஊர் வாக்கும் நின்றது. அன்று பின்னேரமே இந்த நாட்டு அரசாங்கம் வாழ்த்துச் சொன்னது, மற்ற நாடுகளும் ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்ல அப்பா விக்கெட் எண்ணுவதையே விட்டுவிட்டார். அடுத்த நாள் மரீனா மரவள்ளிக் கிழங்கில் ஒரு கேக் செய்து வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். இதை வாங்கலாமோ, இல்லாட்டி இதுக்கும் முறைப்பாடு வருமோ என்று அப்பா கேட்டுவிட்டு முதல் துண்டை அவரே எடுத்தார். நல்ல ருசி, சீனி கொஞ்சம் கூட.

இப்போது நான் சொல்ல வந்ததைக் கேள். வவுனியாவில் நான் முதன்முதலாக வாக்குப் போட்ட தேர்தலில், பள்ளிக்கூட வாசலில் ஒரு வெளிநாட்டு மனிசி நின்றாள், கழுத்தில் அட்டை, முகமெல்லாம் வெயிலில் சிவந்து. அவள் நின்றதால் அன்று துவக்கு ஏந்தி நின்ற ஆயுதக்காரர்கள் எங்களுக்குக் கிட்ட வரவில்லை. நான் வாக்குப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு இளநீர் வெட்டிக்கொண்டு வந்து நீட்டினேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டாள். உதடு வெடித்திருந்தது, அப்படியும் வாங்கவில்லை. எங்கள் கையால் வாங்கிக் குடிக்க மனமில்லாதவள் என்று இத்தனை வருடமும் அவளை மனதில் ஏசி வைத்திருந்தேன். நேற்று கிளாரா உங்கள் சட்டத்தைச் சொல்ல, எனக்குத் திடீரென்று அந்த முகம் வந்தது. என் வாக்கை ஒருவனும் குறை சொல்லக்கூடாது என்றுதானே அவள் தாகத்தோடு நின்றிருக்கிறாள். நன்றி சொல்லப் பெயரும் தெரியாது ஊரும் தெரியாது. அவளுக்குச் சேர வேண்டிய நன்றியை நான் உன்னிடம்தான் கொடுக்க முடியும் ராசா. புயலால் தள்ளிப்போன வெளித்தீவுகளின் வாக்கெடுப்புக்கு நீ வர வேண்டும் என்று குழுத்தலைவரே கேட்டாராம், நீதான் வெட்கத்தில் மாட்டேன் என்கிறாயாம். போ மகன். போய் அவள் நின்ற மாதிரி நில்.

தீபாவளிக்கு நீ இல்லாதது எனக்குக் கவலைதான், வந்த பிறகு கொண்டாடுவோம். வள்ளத்தில் ஏறும்போது மிதவைச் சட்டையைக் கழற்றாதே. கொதிக்கவைத்த தண்ணீரைக் குடி. வாக்குச்சாவடிக்குள் போகும் முன்னமே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போ, பசியோடு போனால்தான் கை டின்னைத் தேடும். காலில் புண் வந்தால் உடனே மருந்து போடு. கிளாராவைத் தங்கச்சி மாதிரிப் பார்த்துக்கொள், பாவம், கடலைக் கண்டால் வாந்தி வரும் என்றாள். அப்பா எழுத ஒன்றும் இல்லை என்கிறார், ஆனால் இதுவரை எழுதினதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டார். போன இடமெல்லாம் உனக்கு நல்ல சனம் துணையாக இருக்கட்டும், தலை நிமிர்ந்து வீட்டுக்கு வா.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்
அம்மா நிர்மலாதேவி,
அப்பா இராசநாயகம்.

அண்ணா, இது நான். அம்மா தேத்தண்ணி போடப் போயிருக்கிறா, ஒற்றைக் கையால் என்ன போடப்போறாவோ தெரியாது. மரீனாவின் அம்மா அந்த வெளித்தீவு ஒன்றில்தான் இருக்கிறா. யார் யாரோ வருவார்கள், அவர்களில் உன் அண்ணாவை எப்படி அடையாளம் தெரியும் என்று மரீனா என்னைக் கேட்டாள். உயரம், கண்ணாடி, கையில் ஒன்றும் இருக்காது, தண்ணி குடுத்தாலும் வாங்கமாட்டான், அதுக்காக உன் அம்மா கோபிக்க வேண்டாம் என்று சொல்லு என்று சொல்லிவிட்டேன். அவளும் அப்படியே தன் அம்மாவுக்குச் சொல்லிவிட்டாள். ஆகவே நீ போக வேண்டும் அண்ணா, நான் கஷ்டப்பட்டுத் திறந்த வாய், அதை வீணாக்காதே.

கிருசாந்தி