தனபாக்கியம் அம்மாளுக்குக் கூண்டு வேண்டாம் என்றீர்கள்

என் பிரியமான அண்ணிக்கு,

சிலை வைத்தாகிவிட்டது. கூண்டு இல்லாமல்தான். "முடிஞ்சுதா இல்லியா, அத மொதல்ல சொல்லு. கதைய அப்புறம் கேட்டுக்கறேன்" என்று எப்போதும் சொல்வீர்களே, அதனால் முதலில் இது.

நீங்கள் அரசு வேலையில் இருந்தபோது ஒரு தேர்தலில் உங்களுக்கு விரலில் மை வைக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். வயதான ஒருவர் விரலை நீட்டியபடி, "எங்கம்மாவுக்கு ஓட்டு வாங்கிக் குடுத்தது தனபாக்கியம்மா. அவங்க ஊட்டாண்ட வரலன்னா எங்கம்மா பேரே லிஸ்டுல இருந்திருக்காது" என்றாராம். அந்தப் பெயரை நீங்கள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. திண்டிவனத்திலேயே அநேகம் பேர் கேள்விப்படவில்லை என்பது பிறகு தெரிந்தது.

நீங்கள்தான் விசாரித்துத் தேடினீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில், ஆண்களைப் போலப் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று திண்டிவனம் சந்தையில் நின்று பேசியவர் தனபாக்கியம் அம்மாள். சுதந்திரம் வந்து எல்லோருக்கும் ஓட்டு என்றானபோது வேறு சிக்கல் வந்தது. பெயர் எழுத வந்தவர்களிடம் பெண்கள் 'இன்னார் சம்சாரம்', 'இன்னார் அம்மா' என்றார்களே தவிர, சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. பெயர் சொல்லாவிட்டால் ஓட்டு இல்லை. இவர் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளுக்கும் மரக்காணத்துக் கடலோரக் குப்பங்களுக்கும் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஒவ்வொருவராகப் பேசிப் பெயரைச் சொல்ல வைத்தார். சில ஊர்களில் கல்லெறிந்து துரத்தினார்கள். மறுபடியும் போனார்.

இவருக்கு ஒரு சிலை வேண்டும் என்று திங்கட்கிழமைதோறும் திண்டிவனத்தில் பஸ் ஏறி, விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்துக்கு வருவீர்கள். மனுவைக் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்து மோர் கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தச் சிலையில் அப்போது பெரிய அக்கறை இல்லை. உங்களுக்கு மூச்சு வாங்கியதால்தான் ஒருநாள் துணைக்கு வந்தேன்.

அன்றைக்கு மனு வாங்கிய அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிங்கம்மா. இவங்க எந்தச் சமுதாயம்?" என்றார்.

"எதுக்கு சார்?"

"நாளைக்கு எவனாவது சிலை மேல கைய வெச்சான்னா, யாரு வந்து நிப்பாங்கன்னு தெரியணும் இல்லீங்களா?"

"ஓட்டுப் போடற பொம்பளைங்க வந்து நிப்போம். எழுதிக்குங்க."

அவர் சிரித்தார், எழுதவில்லை. அனுமதி வந்தாலும் சுற்றி இரும்புக் கூண்டு போட வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். நம் பக்கத்தில் கம்பிக்குள் நிற்கும் சிலைகளைப் பார்க்காதவர் யார்? வெளியே வந்ததும் நீங்கள் சொன்னீர்கள்: "ஊட்டுக்குள்ள இருந்தவங்கள வெளிய வான்னு கூப்ட்ட பொம்பள லதா. கம்பிக்குள்ள நிக்க வெக்கறதா இருந்தா, சிலையே வேணாம்."

நீங்கள் எங்களையெல்லாம் விட்டுப் போன பிறகு உத்தரவு வந்தது. திண்டிவனத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் வைத்துக்கொள்ளலாம், கூண்டு கட்டாயம். உங்களோடு வேலை பார்த்த ரேவதி அழுதுகொண்டே சொன்னார்: "அவங்களே போயிட்டாங்க. சிலையாவது நிக்கட்டும் லதா, ஒத்துக்கலாம்." தவறாகச் சொல்லிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் முடியாது என்றேன். உங்களுக்காக அப்படிச் சொன்னேனா, அந்த அம்மாளுக்காகவா? இன்னும் தெளிவாகவில்லை.

இடத்தைப் பார்க்க அந்த அதிகாரி வந்தார். கூண்டைப் பற்றி நான் வாதாடிக்கொண்டிருந்தபோது, பூங்கா வாசலில் பூ விற்கும் செல்வி எழுந்து வந்துவிட்டாள். "சார், வெடிகாலைல கடை போட்டா ராத்திரி வரைக்கும் இங்கதான் குந்திக்கினு இருக்கறேன். என் கண்ணு முன்னால எவன் வந்து கைய வெப்பான்? ராவுல ஆட்டோ ஸ்டாண்டு இருக்குது. கூண்டு போட்டீங்கன்னா உள்ள குப்பையத்தான் போடுவாங்க. அத யாரு கூட்டறது, நீங்களா?"

அவர் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா மறுநாளே கூண்டு வந்துடும்" என்றார். கூண்டில்லாமல் திருத்திய உத்தரவு கொஞ்ச நாளில் வந்தது.

சிலையின் கையில் புத்தகம் வைக்கலாம் என்றார் சிற்பி. குடைதான் வேண்டும் என்றோம். திறப்பு நாளில் அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாடெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார், கவலை வேண்டாம்.

பிறகு சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. செல்வி போன் செய்தாள். "அக்கா, ஜல்தி வாங்க. அம்மாவத் துணி போட்டு மூடிக்கினு இருக்காங்க."

நான் விழுப்புரத்திலிருந்து போய்ச் சேர்வதற்குள் தலை முதல் கால் வரை சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். இவர் எந்தக் கட்சியும் இல்லை, பெண்களுக்கு ஓட்டு வாங்கித் தந்தவர் என்று சொல்லிப் பார்த்தேன். கட்டிய ஊழியர் பாவம், "எலெக்‌ஷன் முடியற வரைக்கும் தலைவருங்க சிலை எல்லாத்தையும் மூடணும்னு ஆர்டரும்மா. நான் இன்னா பண்றது?" என்றார். நீங்களாக இருந்தால் சண்டை போட்டிருப்பீர்களா, சிரித்திருப்பீர்களா?

ஓட்டுப்பதிவு அன்று காலையில் விழுப்புரத்தில் ஓட்டுப் போட்டுவிட்டுத் திண்டிவனம் போனேன். சிலை திறந்து நின்றபோது அதன் பக்கம் திரும்பியவர் குறைவு. துணி சுற்றிய பிறகு பஸ்ஸுக்கு நிற்கிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள், உள்ளே யார் என்று. செல்வி பூக்கட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொல்கிற கதையில் கல்லடி பட்டு மண்டை உடைகிறது, போலீஸ் வருகிறது, அந்த அம்மாள் கொல்லையிலேயே படுத்துத் தூங்குகிறார். நடந்தது கொஞ்சம், அவளாகச் சேர்த்தது கொஞ்சம். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் தன் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே பேசவில்லை.

இப்போது துணியை எடுத்துவிட்டார்கள். ஆனால் அடுத்த தேர்தலுக்கும் கொண்டுவருவார்கள். இவரை மட்டும் மூடக் கூடாது என்று இந்தத் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறேன். பதில் வரவில்லையென்றால் அடுத்த திங்களும் போவேன், அண்ணி. கலெக்டர் அலுவலகம் எனக்குப் பக்கம்தானே.

நீங்கள் வாழவந்த வீட்டில் பிறந்து, உங்களுக்குத் துணையாக ஒரே ஒருநாள் வந்த நாத்தனார்,
லதா
விழுப்புரம்