அடுப்படி ஆணி

1962 ஜூலை 1, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மழை கூடுவதுபோல் கூடி, சிறுமலைப் பக்கமே போய்விட்டது.

இன்று மூன்று ஆண்களுக்குச் சோறு. இவர், நத்தத்து வைத்தியர், ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர். (இனி வை., போ.மா. அவ்வளவு மையை அவர்கள்மேல் செலவழிக்க முடியாது.) கத்தரிக்காய், உப்புக்கண்டம், ரசம். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் பத்தவில்லை என்று வை. இரண்டு தடவை சொன்னார். உண்மையைத் தேடுகிறவருக்கு நாக்கு நன்றாகத்தான் வேலை செய்கிறது.

சாப்பாடு முடிந்ததும் லேகியம். கஞ்சா சேர்ந்தது என்று மணத்திலேயே தெரிகிறது. மற்றது என்னவென்று வை. சொல்லமாட்டார். மதுவிலக்கு கள்ளுக்குத்தானாம், ஞானத்துக்கு இல்லையாம். வெளிநாட்டு டாக்டர்களே ஏதோ மருந்து தின்று சுவரில் பிரபஞ்சத்தைப் பார்க்கிறார்கள் என்று போ.மா. இங்கிலீஷ் பத்திரிகையில் படித்தாராம். அதிலிருந்து பிடித்த சனியன் இது.

என் வேலை: கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் தொங்கும் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவர்கள் மயக்கத்தில் சொல்வதை எழுதுவது. அந்நிய ஆண்கள் முன்னால் நான் வரக்கூடாது. அவர்கள் உளறலைக் கேட்கலாம். என்ன சட்டமோ! நான் எட்டாவது பாஸ். இவர் கையெழுத்து இவருக்கே புரியாது.

இன்று சொன்னது, உள்ளது உள்ளபடி:

வை.: "எல்லாம் ஒண்ணுதேன்." (நாலு தடவை.)
போ.மா.: "என் காலு எங்கப்பா? இப்பத்தானே இங்க இருந்துச்சு."
இவர்: "தண்ணி."
வை.: "ஆகா. இது... ஆகா."

பிறகு முக்கால் மணி நேரம் குறட்டை.

வை. தன் லேகியப் பையை இங்கேயே விட்டுப் போனார். பஸ்ஸில் போலீஸ்காரன் சோதித்தால் வம்பாம். எங்கள் வீட்டுக்கு வந்தால் வம்பில்லையாம். இவர் பையைத் திரை வழியாக நீட்டி, "அந்த ஆணில மாட்டு புள்ள" என்றார். மாட்டவில்லை. அரிசிப் பானை மேல் வைத்தேன்.

ஜூலை 2, திங்கள்

துவைக்க ஒரு மூட்டை கிடக்கிறது. அதை விட்டுவிட்டு, கெட்டி அட்டை போட்ட பவுண்டு நோட்டில் சுத்தப் பிரதி.

வாரம் எட்டுப் பக்கம் வரவேண்டும் என்று இவர் உத்தரவு. "ஆகா"வை வைத்துக்கொண்டு எட்டுப் பக்கம் எங்கே போக? முதல் வாரம் திருதிருவென்று முழித்தேன். அப்புறம் நானே எழுத ஆரம்பித்தேன். இது ஏழாவது வாரம்.

போ.மா. இவருக்குக் கொண்டுவந்து தரும் புத்தகங்கள் எங்கள் அலமாரியில். உபநிஷத்துக்கு உரை, சூபிகளின் சரித்திரம், கிரேக்கர்களின் தத்துவம், வானசாஸ்திரம், உடம்பைப் பற்றி ஒன்று. எல்லாவற்றிலும் பத்தாம் பக்கத்தின் மூலை மடிந்திருக்கும். இவர் அதோடு சரி. நான் கடைசி அட்டை வரை. உலை கொதிக்கிற நேரம், புளி ஊறுகிற நேரம். படித்ததில் பிடித்தது, பிடிக்காமல் சண்டை போட்டது, எனக்கே தோன்றியது, எல்லாவற்றையும் வை. சொன்னது, போ.மா. சொன்னது என்று தலைப்புப் போட்டு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாசித்துவிட்டு, "நாமளா இப்படிப் பேசினோம்?" என்று மூவரும் வாயைப் பிளக்கிறார்கள். ஒருவருக்குக்கூடச் சந்தேகமில்லை.

தப்புதான். ஆனால் இதையெல்லாம் பேச எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பக்கத்து வீட்டு ஆயிஷா அக்கா எட்டிப் பார்த்து, "என்ன சபுரா, பரீச்சைக்குப் படிக்கிறியா?" என்றாள்.
"ஆமாக்கா. இன்னும் பாஸாகலை."

ஜூலை 5, வியாழன்

மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. வெங்காயம் வாங்க வேண்டும்.

இவர் மண்டிக்குத் தோல் பார்க்க எரியோடு ஊருக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும். மதியம், லேகியத்தில் ஒரு விரல் நுனி எடுத்து வாயில் வைத்தேன். ஹராம். தெரியும். அல்லாவுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆத்திரம்தான் காரணம். அப்படி என்னத்தைப் பார்க்கிறார்கள், நானும் பார்க்கிறேன் என்று.

செத்த நேரம் ஒன்றுமில்லை. பிறகு சுண்ணாம்புச் சுவர் மூச்சு விட்டது. பானையிலிருந்து ஒரு சொட்டு விழ ஒரு யுகம் ஆனது. ஒற்றை ஆளாய்ச் சிரித்தேன். இவ்வளவுதானா, இதற்கா கத்தரிக்காயும் உப்புக்கண்டமும் என்று.

அப்புறம் ஆணியைப் பார்த்தேன்.

என் ரஜியாவுக்கு அப்போது மூன்று வயது. குளிப்பாட்டினால் அடுப்படியில் வைத்துத்தான் உடுத்திவிடுவேன், அங்கேதான் சூடு. மாற்றுச் சட்டை எப்போதும் அந்த ஆணியில். காய்ச்சல் நாலே நாள். எட்டு வருஷமாகிறது, அவளுக்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் யாரோ அந்தச் சட்டையைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். என் நல்லதுக்காம். என்னைக் கேட்டார்களா?

மடியில் பவுண்டு நோட்டு. கை தானாக எழுதியிருக்கிறது: "சட்டை போய்விட்டது. அதன் கனம் ஆணிக்குத்தான் தெரியும்."

வாந்தி எடுத்தேன். முகம் கழுவி, சாயங்காலத்துக்கு உலை வைத்தேன். கடவுளையும் காணோம், பிரபஞ்சத்தையும் காணோம். எட்டு வருஷமாக லேகியம் தின்னாமலே எனக்குத் தெரிந்ததுதான். இதற்குப் பெயர் ஞானமாம்!

பிறகுதான் பார்த்தேன். அந்த வரி "வை. சொன்னது" என்ற தலைப்பின்கீழ் விழுந்திருக்கிறது. தாளைக் கிழித்தால் பின்பக்கம் எழுதியது போய்விடும். விட்டுவிட்டேன். யார் கவனிக்கப் போகிறார்கள்.

ஜூலை 8, ஞாயிறு

கவனித்துவிட்டார்கள்.

போ.மா. உரக்க வாசித்துக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றார். திரும்ப வாசித்தார்.

"நான் சொன்னதுதேன்," என்றார் வை. "நல்லா ஞாபகம் இருக்கு. சொல்றப்ப நெத்தியில ஒரு வெளிச்சம் வந்துச்சு."

வெளிச்சமாம்! பொய்யிலும் ஒரு வெட்கம் வேண்டாமா?

போ.மா. விளக்கம் கொடுத்தார். "சட்டைங்கிறது தேகம். ஆணிங்கிறது ஆன்மா. அம்புட்டுத்தேன்யா. இத்தனை நூலும் இதுக்குள்ள அடக்கம்."

இவர் "ம்" என்று தலையாட்டினார். திரை இடுக்கில் பார்த்தேன். எழுந்து முற்றத்துக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். லேகியச் சூடாம்.

ஆன்மாவா? அது என் பிள்ளையின் சட்டை, பாவிகளா! அடுப்படிச் சுவரில் அடித்த இரும்பு ஆணி! கத்த வாய் வந்தது. கத்தவில்லை. ஒரு டீ கிளாஸ் உடைந்ததுதான் மிச்சம்.

ஜூலை 11, புதன்

புத்தகம் போடுகிறார்களாம். பவுண்டு நோட்டை அச்சாபீஸில் கொடுத்தாகிவிட்டது. அட்டையில் வை. பெயர், 'நத்தத்து ஞானியின் அருள்மொழி' என்று. ஞானி! போன வாரம் ரசத்தில் பூண்டு குறைவு என்று முகத்தைச் சுளித்த ஞானி.

இவர் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"அதுல முக்காவாசி நான் எழுதினது. அவுக சொன்னது இல்ல."
"தெரியுது, தெரியுது. நீ கொஞ்சம் நல்லா எழுதுவ."
"கொஞ்சம் இல்ல. முக்காவாசி. என் பேரைப் போடச் சொல்லுங்க."
"பொம்பளை பேரைப் போட்டா ஜமாத்துல என்ன சொல்லுவாக?"
"நீங்க ஞாயித்துக்கிழமை லேகியம் திங்கிறதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லமாட்டாகளா?"
"செத்த நேரம் சும்மா இரு புள்ள."

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம். அந்தச் செத்த நேரம் இன்னும் முடியவில்லை.

சரி, பெயர் வேண்டாம், அந்த ஆணி வரியை மட்டுமாவது எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றேன்.

"எந்த ஆணி?" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

எந்த ஆணியாம்!

கை கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே மொண்டுகொண்டார்.

ஜூலை 18, புதன்

ஆடிக் காற்று. வீடு பூராவும் புழுதி. காயப்போட்ட துணி ஆயிஷா அக்கா வீட்டு ஓட்டின் மேல்.

அச்சாபீஸிலிருந்து புரூஃப் வந்திருக்கிறது. பிழை திருத்த ஆள்? திரைக்குப் பின்னால் இருக்கிறாளே ஒருத்தி! "நாளைக்குள்ள பார்த்து வையி," என்று போட்டுவிட்டு இவர் தோல் மண்டிக்குப் போனார்.

பறக்காமல் அம்மிக்குழவியை மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்புப் பென்சில். பிழைதானே திருத்தச் சொன்னார்கள்? அவர்கள் சொல்லாததை அவர்கள் சொன்னதாகப் போட்டது பிழை. அடித்தேன். சூபிகளைப் பற்றியது, என்னுடையது, அடித்தேன். நட்சத்திரத்துக்கும் உப்புக்கும் உள்ள உறவு, ஒரு மத்தியானம் பூராவும் யோசித்து எழுதியது, அடித்தேன். கை வலித்தது. மனசும்தான். அடிக்க அடிக்க எனக்கே ஆச்சரியம், இவ்வளவு எழுதியிருக்கிறேனா!

ஆணி வரியைக் கடைசியில்.

அடித்ததையெல்லாம் இந்த நாட்குறிப்பின் பின்பக்கத்தில் பிரதி எடுத்துக்கொண்டேன். இது பருப்பு டின்னுக்குள் பத்திரம்.

ஜூலை 19, வியாழன்

இவர் புரூஃபைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மடித்துக் கையில் இடுக்கிக்கொண்டு போய் அச்சாபீஸில் கொடுத்துவிட்டார்.

இட்லிக்கு அரைத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 22, ஞாயிறு

காற்று நிற்கவில்லை. வை. வந்தபோதே செருப்பை உதறிய சத்தத்தில் கோபம் தெரிந்தது.

"இதுல ஒரு நோட்டீஸ்கூடப் போட முடியாதுன்னு அச்சாபீஸ்காரன் சிரிக்கான்யா! என்ன மிச்சம் இருக்குன்னு வாசிங்க!"

போ.மா. வாசித்தார். "எல்லாம் ஒண்ணுதேன். தண்ணி. ஆகா. என் காலு எங்கப்பா." நிறுத்தினார். பிறகு மெல்லக் கேட்டார், "நான் சொன்னது இதுதானா?" பாவம், அவர் குரலில் கோபமில்லை.

வை.க்குத்தான் அடங்கவில்லை. "பொம்பளை கையில குடுத்தா இப்படித்தேன். போகட்டும். அந்த ஆணி வாசகம் எங்க? அது என் உசிருய்யா!"

இதுவரை அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று பேசினேன்.

"வைத்தியர் சொன்னதுதான்னா, அது என்ன சட்டை, என்ன நிறம்னு சொல்லச் சொல்லுங்க. மறுபடி எழுதித் தாரேன்."

"நிறமா?" வை. சிரித்தார். "தேகத்துக்குச் சொன்னதும்மா அது. ஞானத்துல நிறம் ஏது?"

"பச்சை," என்றார் ஒருவர்.

இவர் குரல்.

"பச்சை. கழுத்துல வெள்ளை நூல் பூ. மேல் பித்தான் இருக்காது. அவ கடிச்சுப் பிச்சுட்டா."

பித்தான் எனக்கே மறந்திருந்தது.

போ.மா. எழுந்து, கொண்டுவந்த புத்தகத்தைத் திண்டின்மேல் வைத்துவிட்டுப் போனார். வை. பையைக் கேட்டார். இவரே திரையை விலக்கிக்கொண்டு அடுப்படிக்குள் வந்து, அரிசிப் பானை மேலிருந்து எடுத்து வெளியே நீட்டினார். செருப்புச் சத்தம் தெருவில் கேட்கும்வரை நின்றார். அப்புறமும் போகவில்லை. ஆணியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

தெரிந்திருக்கிறது! முதலிலேயே தெரிந்திருக்கிறது. ஆன்மா என்றபோது தலையாட்டியவருக்கு, எந்த ஆணி என்று கேட்டவருக்கு, பித்தான் வரைக்கும் தெரிந்திருக்கிறது!

"அப்ப ஏன் சொல்லலை?"
"சொன்னா அழுகை வந்துரும்ல."
"எனக்கு வரலையா? எட்டு வருஷமா, இதே அடுப்படியில, எனக்கு மட்டும் வரலையா?"

அந்த ஆணியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சமாதானம் சொல்லவில்லை. எனக்கு யார் சொன்னது?

சோறு குழைந்துவிட்டது.