அப்பாவின் பேச்சில் வராத வரி

காஜா பெராங், மலாக்கா
19-10-1958, ஞாயிறு

அன்பு மகள் பாக்கியலட்சுமிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பி நடராஜனும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்றுதான் எழுதியிருந்தாய், ஆனால் எழுத்தெல்லாம் வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது, தூக்கம் கெட்டால் உன் எழுத்து அப்படித்தான் சாயும். கட்டைவிரலில் பிளேடு பட்ட காயம் ஆறிவிட்டதா. ஒலிநாடாவை வெட்டும்போது விரலை எங்கே வைப்பது என்று உனக்கு வேலை கற்றுத்தரும் கணேசமூர்த்தி சாரிடம் கேட்டுக்கொள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இங்கே பத்து நாளாக மழை. சமையலறைக் கூரைத் தகரத்தில் ஓட்டை பெரிதாகி அடுப்புக்குப் பக்கத்தில் வாளி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ரோஷன் பீவி அக்கா உன்னை விசாரித்தார். ரேடியோவில் வேலை என்கிறீர்கள், ஒரு நாளாவது அவள் குரல் வருகிறதா, அங்கே என்னதான் செய்கிறாள் என்று கேட்டார். மற்றவர்கள் பேசியதைச் சீராக்குகிற வேலை என்றேன். அதற்கா கோலாலம்பூர் போனாள், எங்கள் மாமி அதை உட்கார்ந்த இடத்திலேயே செய்வாரே என்று சிரித்தார்.

நீ அனுப்பிய விண்ணப்பப் பாரம் வந்து சேர்ந்தது. இரண்டாம் வருடப் பயிற்சிக்கு அப்பா கையெழுத்துப் போட வேண்டும், இருபத்தேழாம் தேதிக்குள் நிலையத்தில் கொடுக்காவிட்டால் உன் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தாய். அலமாரி மேல், அப்பா பஸ் லைசென்ஸ் வைக்கும் டின்னுக்கு அடியில் வைத்தேன். தினமும் காலையில் டின்னைத் தூக்குகிறார். லைசென்ஸை எடுக்கிறார். டின்னை அதே இடத்தில் வைக்கிறார். பாரம் அங்கே இல்லாத மாதிரி. ஒரு வருடம்தானே பேச்சு, வருடம் முடிந்தது, அவள் வீட்டுக்கு வரட்டும் என்று ஒரு தடவை சொன்னார். அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்பா பேச்சு ரேடியோவில் வந்த அன்று சாயங்காலம் என்ன நடந்தது என்று இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டாய். நீ அழுவாய் என்று எழுதாமல் இருந்தேன். இனியும் எழுதாவிட்டால் நடக்காததையெல்லாம் நினைத்துக்கொள்வாய். சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிகழ்ச்சிக்காக உங்கள் ரேடியோ நிலையத்து வண்டி பஸ் நிலையத்துக்கு வந்து அப்பாவைப் பேச வைத்துப் பதிவு செய்துகொண்டு போனது அல்லவா, அன்றிலிருந்து அவர் நடையே மாறியிருந்தது. என்ன பேசினீர்கள் என்றால் சொல்ல மாட்டார். கடைசியில் பாக்கியத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லியிருக்கிறேன், ரேடியோவில் வரும்போது கேட்டுக்கொள் என்பார். எனக்குச் சொன்னதோடு விடவில்லை, ஜாலான் பெண்டஹாரா கடைத்தெரு முழுக்கச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை காதர் மைதீன் அண்ணன் தன் துணிக்கடையில் ரேடியோவை மேசைமேல் எடுத்துவைத்து, பிள்ளைகளைச் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டி, எல்லோருக்கும் தேத்தண்ணி சொன்னார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார், உட்காரவில்லை. குரல் வந்தது. அவசரகாலத்தில் தம்பின் ஊருக்குப் போகிற பாதையில் சோதனைச் சாவடிகளில் பஸ் காத்துக் கிடந்தது, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று பயணிகளின் சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பறித்துக்கொண்டது, போன வருடம் கொடி கட்டி பஸ் ஓட்டியது, எல்லாம் வந்தது. நன்றாகத்தான் பேசினார். பிறகு, நன்றி வணக்கம். அடுத்த ஆள் பேச ஆரம்பித்துவிட்டார்.

அப்பாவோடு வேலை செய்யும் கண்டக்டர் கருணாகரன்தான் வாயை அடக்க முடியாமல், “என்னண்ணே, மக ஸ்டாப்புல நிறுத்தாமலே போயிட்டாங்க” என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவன் பேச்சு அப்படி. அப்பாவும் சிரித்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார், துவைக்கப் போடவில்லை.

அதற்குப் பிறகுதான் உன் கடிதம் வந்தது. ஆறு பேர் பேச்சு பதினைந்து நிமிடத்தில் அடங்க வேண்டும், அரை நிமிடம் கூடிவிட்டது, பிறர் பேச்சில் கைவைக்க மனம் வராமல் உன்னைப் பற்றிய இடத்தை நீயாகவே எடுத்தாய், யாரும் சொல்லவில்லை என்று எழுதினாய். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. சின்ன வயதில் பலகாரம் பங்கு போடும்போது குறைந்தால் உன் பங்கில்தான் குறைப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் பாக்கியம், இது உன் பங்கு இல்லை. இது அப்பா கொடுத்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். அவர் இருமலையும் எடுத்துவிட்டிருந்தாய். எல்லோரும் குரல் எவ்வளவு தெளிவு என்றார்கள். இருபத்திரண்டு வருடமாக இருமல் இல்லாமல் நான் அவரைக் கேட்டதே கிடையாது. ஒரு கணம் யாரோ என்று இருந்தது.

மழை பெரிதாகிறது. வாளியை மாற்ற வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

புதன்கிழமை.

இன்று அப்பாவுக்கு ஓய்வு நாள். மழை விட்டிருந்ததால் ஏணி வைத்துக் கூரையில் ஏறினார், தாரும் தகரத் துண்டும் எடுத்துக்கொண்டு. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாவிட்டால் சில பேச்சு சுலபமாக வருகிறது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியிருந்தாயே, அதை அவருக்குச் சொன்னேன். நாடாவைச் சும்மா வெட்ட முடியாது, கையால் முன்னும் பின்னும் உருட்டி, அந்த வார்த்தை எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று காதால் தேடி, மஞ்சள் பென்சிலால் கோடு போட்டு, மறுபடி உருட்டிக் கேட்டு, அப்புறம்தான் பிளேடை வைக்க வேண்டும் என்று. இது அவருக்குத் தெரியாது. கேட்காமலே தள்ளிவிட்டாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். சுத்தியல் சத்தம் நின்றது.

“அப்ப நான் சொன்னத அவ கேட்டாளா?”

“கேக்காம எப்படிங்க வெட்டுவா? பத்துத் தடவையாவது கேட்டிருப்பா.”

தகரத்தில் காக்கை நடக்கிற சத்தம் மட்டும்.

“பத்துத் தடவையா” என்றார். பிறகு ஆணி கேட்டார்.

இறங்கி வந்து மண்ணெண்ணெயில் கை கழுவினார், தார் சரியாகப் போகவில்லை. அலமாரியிலிருந்து டின்னைத் தூக்கினார், இந்தத் தடவை லைசென்ஸை எடுக்கவில்லை. சம்பளத் தாளில்கூட ஒரு சுழி சுழித்துவிட்டு வருகிற மனிதர், உன் பாரத்தில் கலியாணசுந்தரம் என்று ஓர் எழுத்து விடாமல், பிள்ளைகள் சிலேட்டில் எழுதுகிற மாதிரி எழுதினார். இதனுடன் வைத்திருக்கிறேன். ஓரத்தில் கட்டைவிரல் தார் ஒட்டியிருக்கிறது. அலுவலகத்தில் கேட்டால் கூரை வேலை என்று சொல்.

அவர் என்ன சொன்னார் என்று அறிய எனக்கும் ஆசைதான். கடிதத்தில் எழுதாதே. தீபாவளிக்கு வரும்போது அடுப்படியில் வைத்து என்னிடம் சொல், கூரை இப்போது ஒழுகவில்லை. வரப் பயம் என்று எழுதியதை நான் படித்ததாகவே வைத்துக்கொள்ளவில்லை. ரயிலை விட்டுத் தம்பினில் இறங்கினால் எந்த பஸ் என்று உனக்குத் தெரியும். ரோஷன் பீவி அக்கா உனக்கென்று மிளகாய்ச் சம்பால் இடித்து வைத்திருக்கிறார், காலிப் போத்தல் கொண்டு வா. காயம்பட்ட விரலை ஈரத்தில் வைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, பாரத்தைக் கிடைத்த அன்றே கொண்டுபோய்க் கொடு. நீ தொட்ட வேலை துலங்கட்டும், நூறாண்டு நன்றாக இரு.

உன் அம்மா
கமலவேணி

பி.கு.: வெட்டிய துண்டு நாடாக்களை எடுத்து வைப்பீர்களா, கூட்டிப் பெருக்கிவிடுவீர்களா? அப்பா கேட்டார். நான் கேட்டதாக எழுதச் சொன்னார்.